கருமணலில் வளை தோண்டும் உயிர்கள்: குறைந்த அளவுக் கதிர்வீச்சும் காட்டுயிர்களின் இனப்பெருக்கமும்

ஆடி மாதக் கடல் கொந்தளித்து அடங்கிய பின், குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக்கும் கடியப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடப்புறத்தில் ஒரு கை மணலை அள்ளிச் சிரட்டையில் இட்டு, நீர் விட்டுச் சுழற்றிச் சரித்தால், வெள்ளை மணல் முதலில் நீரோடு வழிந்துவிடும். அடியில் தங்குவதில் பெரும்பகுதி இல்மனைட்டின் கறுப்பு. அதனிடையே கார்னெட்டின் சிவப்புப் பொடி. கண்ணருகே கொண்டுவந்து பார்த்தால், தேன் காய்ந்து உறைந்தது போன்ற மஞ்சள் மணிகள் சிலவும் தெரியும். அந்த மஞ்சள் மணிதான் மோனசைட். நீரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கனமானது என்பதால் அலையும் அதை எளிதில் இழுத்துச் செல்வதில்லை, சிரட்டையும் அதை விடுவதில்லை. இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் இந்த மணலை அடையாளம் கண்டதும், விளக்கு மேண்டிலுக்கு (சுடரில் ஒளிரும் வலைக்கு) வேண்டிய, மோனசைட்டில் இருக்கும் தோரியத்துக்காக அடுத்த சில ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கியதும் நம் பகுதியில் பலர் அறிந்த வரலாறு.

அந்தத் தோரியம்தான் நம் கரையின் கதிர்வீச்சுக்கு மூலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகள் வழியே கடலுக்கு வந்து, தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளால் பிரித்து ஒதுக்கப்பட்ட மணல் இது. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள். ஆகவே இந்தக் கரையில் வளை தோண்டும் எலியும் நண்டும் நேற்று வந்த கதிர்வீச்சைத் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. அவற்றின் முன்னோர்கள் இந்த மணலுக்கு வந்த நாளிலிருந்தே இதே கதிர்வீச்சில்தான் கருவுற்று, ஈன்று, மடிந்து வந்திருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்தாலேயே, இந்தக் கதிர்வீச்சு அவற்றின் ஈற்றைக் குறைக்கிறதா என்ற நம் கரையின் கேள்வி, செர்னோபிலின் கேள்வியிலிருந்து வேறுபடுகிறது. கூடங்குளத்தின் கேள்வியிலிருந்தும் அது வேறுபடுகிறது. 2013இல் இயங்கத் தொடங்கிய அந்த அணு உலையைப் பற்றி எழ வேண்டிய கேள்விகள் உண்டு. ஆனால் மணலின் கதிர்வீச்சையும் உலையின் கதிர்வீச்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டையும் பற்றித் தெளிவு கிடைக்காது.

மனிதர்களைப் பற்றி இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. விலங்குகளைப் பற்றிய பேச்சு குறைவு. இத்தனைக்கும் கதிர்வீச்சுக்கு மிக அருகில் வாழ்பவை அவையே. நாம் மணலின் மேல் நடக்கிறோம், அதன் மேல் வீடு கட்டித் தரை போட்டுத் தூங்குகிறோம். எலி அதற்குள் வாழ்கிறது. கதிர்வீச்சு அளவு பொதுவாகத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், அதாவது மனிதனின் இடுப்பளவில், அளக்கப்படுகிறது. அந்த உயரத்தில் மணலின் கதிர்கள் கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டுமே வருகின்றன. வளைக்குள் இருக்கும் விலங்குக்கோ மேலும் கீழும் நாற்புறமும் மணல்தான். அதனால் அது பெறும் காமாக் கதிர் மேற்பரப்பில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இதனுடன் மூச்சுக் காற்றையும் சேர்க்க வேண்டும். தோரியம் சிதையும்போது தோரான் என்ற வாயு பிறக்கிறது. அதன் அரை ஆயுள் 1 நிமிடத்துக்கும் குறைவு. வீட்டு நடுவில் கட்டிலில் படுத்திருப்பவரை அது சென்று சேர்வதற்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் வளைச் சுவரில் மூக்கை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் குட்டிக்கு அந்த இடைவெளி இல்லை. மயிரில் ஒட்டிய மணலை அது நக்குகிறது, இரையோடு மணலை விழுங்குகிறது. தோலைத் துளைக்க இயலாத ஆல்ஃபா துகள் உடலுக்குள் போனபின் வேறு கணக்காகிறது.

எண்களைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவைக் கிரே என்ற அலகாலும், அது மனித உடலில் உண்டாக்கும் விளைவைச் சீவெர்ட் என்ற அலகாலும் குறிப்பார்கள். உலகில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறும் கதிர்வீச்சின் சராசரி 2.4 மில்லிசீவெர்ட். நம் கரையின் தொடர்ச்சியாகிய கேரளத்து மோனசைட் பட்டையில், இடத்துக்கு இடம் மாறி, ஆண்டுக்கு 1 மில்லிகிரே முதல் 45 மில்லிகிரே வரை அளக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஊரில் இந்த விளைக்கும் (தோப்புக்கும்) அடுத்த விளைக்கும் பல மடங்கு வேறுபாடு இருக்கலாம். விலங்குகளுக்கென்று தனி அளவுகோல் வகுத்தது பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம். 2008இல் அது 12 மாதிரி உயிரினங்களை எடுத்துக்கொண்டு, எந்த அளவுக்கு மேல் கவலைப்படத் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லைப் பட்டையைக் கொடுத்தது. எலிக்கும் மானுக்கும் வாத்துக்கும் நாளொன்றுக்கு 0.1 முதல் 1 மில்லிகிரே. தவளைக்கு 1 முதல் 10. நண்டுக்கும் தேனீக்கும் 10 முதல் 100. ஆண்டுக்கு 45 மில்லிகிரே என்பது நாளுக்கு ஏறத்தாழ 0.12 மில்லிகிரே. ஆக, நண்டைப் பொறுத்தவரை நம் கரை எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. எலியைப் பொறுத்தவரை, மோனசைட் பட்டையின் மிகச் செறிந்த இடங்கள் எல்லையின் அடிப்படியைத் தொடுகின்றன. வளைக்குள் இரட்டிப்பாகும் கணக்கைச் சேர்த்தால் எல்லைக்குள்ளேயே காலெடுத்து வைக்கின்றன. இது கேடு நிகழ்கிறது என்பதற்கான சான்று ஆகாது. உற்று நோக்க வேண்டிய இடம் எது, உற்று நோக்க வேண்டிய உயிர் எது என்பதற்கு மட்டும் இது சான்று.

எல்லைகளை வகுக்கும்போது இறப்பைவிட இனப்பெருக்கத்தை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு விலங்கைக் கொல்லத் தேவைப்படும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே அதன் கருவளம் தொடப்படுகிறது. கதிர்வீச்சு அதிகம் தாக்குவது ஓயாமல் பிரியும் செல்களை. விந்தகத்தில் விந்தணுவை உருவாக்கும் மூலச் செல்கள் வாழ்நாள் முழுதும் பிரிந்துகொண்டே இருப்பவை. அவற்றில் சில அழிந்தாலும் எஞ்சியவை பெருகி இடத்தை நிரப்பிவிடுகின்றன என்பதால், மெதுவாக வரும் கதிர்வீச்சை ஆண் விலங்கு ஓரளவு ஈடுகட்டுகிறது. பெண் விலங்கின் நிலை வேறு. பாலூட்டிகளில் சினைமுட்டைகளின் இருப்பு பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது, போனது போனதுதான். அதிலும் இனத்துக்கு இனம் வியக்கத்தக்க வேறுபாடு. சுண்டெலியின் முதிராச் சினைமுட்டைகள் சிறிய அளவிலேயே பெருமளவு மடிந்துவிடுகின்றன. மனிதப் பெண்ணின் சினைமுட்டைகள் அதைவிடப் பல மடங்கு தாங்குகின்றன. மனிதருக்குத் தீங்கில்லை என்று நிறுவப்பட்ட ஓர் அளவை அப்படியே எடுத்து, அதே மணலில் வாழும் சிறு விலங்குக்கும் தீங்கில்லை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கருவான பின்னும் அபாயக் கட்டங்கள் உள்ளன. கரு கருப்பைச் சுவரில் பதியும் தொடக்க நாள்களில் கேடு நேர்ந்தால் பெரும்பாலும் கரு கரைந்துபோகும், ஊனமுற்ற குட்டி பிறக்காது. வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் அந்த ஈற்றில் ஒரு குட்டி குறைவு என்பது மட்டுமே. அதுவும் எண்ணிப் பார்ப்பவருக்கே தெரியும்.

இந்தக் கதிர்வீச்சு நெடுநாள் மெதுவாக வருவது என்பதற்கும் தனி விளக்கம் வேண்டும். ஒரே அளவு கதிர்வீச்சு ஒரு மணி நேரத்தில் வந்தாலும் ஓர் ஆண்டில் வந்தாலும் விளைவு ஒன்றுதானா? எக்ஸ் கதிர் மரபணுவை மாற்றும் என்று 1927இல் பழ ஈக்களைக் கொண்டு காட்டிய ஹெர்மன் முல்லருக்குப் பிந்தைய காலத்தில், ஒன்றுதான் என்றே பலர் கருதினர். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வில்லியம் ரஸ்ஸலும் லியான் ரஸ்ஸலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுண்டெலிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்துச் செய்த ஆய்வு அந்தக் கருத்தை அசைத்தது. மயிரின் நிறம், காதின் அளவு போன்ற, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைத் தரும் ஏழு மரபணுக்களைக் குறித்துவைத்து, குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றங்களை எண்ணினர். மெதுவாகப் பரவலாகக் கொடுக்கப்பட்ட கதிர்வீச்சு, அதே அளவு ஒரே மூச்சில் கொடுக்கப்பட்டபோது விளைந்த மாற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே ஆண் எலிகளின் வழியே உண்டாக்கியது என்று 1958இல் வெளியிட்டனர். செல் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது. காலம் கொடுத்தால் நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. நம் கரையைப் பற்றி ஆறுதலாகச் சொல்லக்கூடிய மிகத் திடமான செய்தி இதுதான் என்பது என் கருத்து. ஆனால் ஆய்வகத்து எலிக்கு நேரத்துக்குத் தீவனம் வைக்கப்படுகிறது. பூனையும் பாம்பும் இல்லை. பழுது பார்ப்பதற்கு உடல் செலவிடும் ஆற்றல், மார்கழியில் இரை குறைந்த தென்னை விளையில் வாழும் எலிக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஆய்வகம் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் செர்னோபிலுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1986 ஏப்ரல் 26 அன்று அணு உலை வெடித்ததற்குப் பிந்தைய முதல் வாரங்களில் அங்கே நிகழ்ந்தவை, அதாவது பைன் மரங்கள் செந்நிறமாகிப் பட்டுப்போனதும் சிறு கொறிவிலங்குகள் குறைந்ததும், மிக அதிக அளவின் விளைவுகள். அவற்றை நம் பேச்சில் சேர்க்கக் கூடாது. நமக்குப் பாடமாவது அதற்குப் பிந்தைய முப்பது நாற்பது ஆண்டுகள்தான். அங்கும் ஆய்வாளர்கள் இரு முகாம்களாகப் பிரிந்து நிற்கின்றனர். பெலாரஸ் பக்கத்துக் காப்பகத்தில் நீண்ட காலம் எடுத்த கணக்கை வைத்து 2015இல் வெளியான ஆய்வு, கடமான்களும் காட்டுப்பன்றிகளும் கதிர்வீச்சில்லாத பிற காப்பகங்களில் இருக்கும் அளவுக்கு இருக்கின்றன என்றும், ஓநாய்கள் அவற்றைவிட ஏழு மடங்குக்கும் மேல் இருக்கின்றன என்றும் காட்டியது. மறுபக்கம், ஆண்டர்ஸ் மோலரும் திமோத்தி மூசோவும் தகைவிலான் குருவிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் முட்டையிடாமலே பருவத்தைக் கழிக்கும் பறவைகள் அதிகம், பிறழ்ந்த விந்தணுக்கள் அதிகம், இறகில் வெள்ளைத் திட்டுகள் அதிகம் என்று எழுதினர்.

ஓநாய் பெருகியதா, குருவி நலிந்ததா என்று இதைப் பட்டிமன்றமாக்குவோர் பலர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ஓநாயின் எதிரி துப்பாக்கி. மனிதர் வெளியேறியதும் அந்தச் சாவு நின்றது. ஓர் ஈற்றில் ஒரு குட்டி குறைந்தாலும், வேட்டை நின்றதால் பிழைத்த ஐந்து குட்டிகள் அதை மூடி மறைத்துவிடும். தகைவிலானோ மனிதரை அண்டி, மாட்டுத் தொழுவத்தின் உத்தரத்தில் கூடு கட்டும் பறவை. மாடும் தொழுவமும் அங்கே மொய்க்கும் ஈயும் போனதே அதற்கு இழப்பு. அதன் நலிவில் எவ்வளவு கதிர்வீச்சின் பங்கு, எவ்வளவு ஊர் காலியானதன் பங்கு என்று பிரிப்பது எளிதன்று. மோலர், மூசோ ஆய்வுகள் மீது வைக்கப்பட்ட வலுவான மறுப்பும் இதுவே. இன்னொரு மறைப்பும் உண்டு. கதிர்வீச்சு மிகுந்த இடம் சிறிய திட்டாக இருந்தால், சுற்றுப்புறத்திலிருந்து இளம் விலங்குகள் வந்து குடியேறிக்கொண்டே இருக்கும். உள்ளே பிறப்பு குறைந்தாலும் தலைக்கணக்கு குறையாது. எத்தனை விலங்கு இருக்கிறது என்ற கேள்விக்கான விடை, எத்தனை விலங்கு அங்கேயே பிறக்கிறது என்ற கேள்விக்கு விடையாகாது. நம் கரையின் மோனசைட் திட்டுகளும் இப்படித்தான் வெண்மணலுக்கிடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றன.

செர்னோபில் இன்னொரு பாடத்தையும் கொடுத்தது. அங்குள்ள வயல்வாழ் கொறிவிலங்குகளில் மரபணு மாற்றம் மிக விரைவாக நிகழ்வதாக 1996இல் ராபர்ட் பேக்கர் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது, உலகமே பேசியது. அடுத்த ஆண்டே, மாதிரிகளை மேம்பட்ட கருவியில் மீண்டும் படித்தபோது அந்த மாற்றங்கள் இல்லை என்று கண்டு, அதே குழு தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றது. அறிவியலில் நான் பெரிதும் மதிக்கும் செயல்களில் அதுவும் ஒன்று. 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் முடிவுகள் ஒரே திசையில் வரவில்லை: வயல் எலிகளின் விந்தணுக்களில் கேடு கூடவில்லை என்றது ஓர் ஆய்வு, குரங்குகளின் கருக்கள் விபத்துக்கு முன்பிருந்ததைவிடச் சிறிய தலையோடு வளர்ந்தன என்றது இன்னொன்று.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். கேரளத்து மோனசைட் பட்டையில் வாழும் கறுப்பு எலிகளை ஆராய்ந்து, ஹான்ஸ் க்ரூனபெர்க் தலைமையிலான குழு 1966இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சுண்டெலிகளின் எலும்பு அமைப்பில் மரபணுக்கள் விட்டுச்செல்லும் நுண்ணிய அடையாளங்களை வாசிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். பட்டையில் வாழ்ந்த எலிகள், வெளியே வாழ்ந்தவற்றைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கதிர்வீச்சு பெற்றுவந்தன. தலைமுறை தலைமுறையாகக் கேடு சேர்ந்திருந்தால் பற்களின் அளவிலும் மண்டையோட்டின் சிறு துளைகளிலும் எலும்புகளின் வேறுபாட்டிலும் அது தெரிய வேண்டும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அப்படி எதுவும் தெரியவில்லை. மனிதர்களிடமும் நிலை இதை ஒத்ததே. கேரளக் கடலோர மருத்துவமனைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்ததில், பிறவிக் குறைபாடுகளுக்கும் வாழும் இடத்தின் கதிர்வீச்சுக்கும் தொடர்பு தென்படவில்லை. அதே வேளையில், 2002இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் கரையில் வாழும் குடும்பங்களில் தாய்வழி வரும் மைட்டோகாண்டிரிய மரபிழையில் (டி.என்.ஏ.வில்) புள்ளி மாற்றங்கள் அதிகம் என்று காட்டியது. மரபிழையில் எழுத்து மாறுவது ஒன்று, அதனால் பிள்ளைப்பேறு கெடுவது வேறொன்று. முதலாவதைக் கண்டதும் இரண்டாவதை அறிவித்துவிடுவதும், இரண்டாவது இல்லை என்பதால் முதலாவதை மறைப்பதும் இங்கே இரண்டு தரப்பிலும் நடக்கிறது.

க்ரூனபெர்க்கின் எலிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பார்த்தது பிழைத்து வளர்ந்த எலிகளின் எலும்பை. கருப்பையிலேயே கரைந்துபோன குட்டியின் எலும்பு எந்தப் பேழையிலும் இராது. மேலும், கறுப்பு எலி பெரும்பாலும் கூரையிலும் தென்னையின் கொண்டையிலும் வாழ்வது. மணலுக்குள் குடியிருப்பது பெருச்சாளியும் வயல் எலியும் நண்டும்தான். ஆகவே அந்த அறிக்கையின் முடிவை நான் முழுமனதோடு ஏற்றுக்கொண்டாலும், வளைக்குள் வாழும் விலங்கின் ஈற்றைப் பற்றி அது பேசவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கிறேன்.

மணலுக்குள் இனப்பெருக்கத்தை ஒப்படைக்கும் இன்னோர் உயிர் நம் கரைக்கு வந்து போகிறது. பங்குனி ஆமை இரவில் கரையேறி, பின்கால்களால் குடம் போன்ற குழியைப் பறித்து, நூறு முட்டைகள் அளவில் இட்டு, மணலை மூடி, தன் உடலால் தட்டிச் சமப்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. 45 முதல் 60 நாள்கள் வரை அந்த முட்டைகளுக்குத் தாயும் கூடும் மணல்தான். கருமணலில் கூடு அமைந்தால் கரு வளரும் அத்தனை நாளும் எல்லாப் பக்கத்திலிருந்தும் கதிர் படும். ஆனாலும் இரண்டு மாத அளவைக் கூட்டினால் கிடைப்பது, மிகச் செறிந்த இடத்திலும், ஏறத்தாழ 15 மில்லிகிரே மட்டுமே. இங்கேதான் கவனம் தேவை. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது கூட்டின் வெப்பம். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். நண்பகலில் வெண்மணலில் வெறுங்காலோடு நின்றவர் கருமணலில் கால் வைத்ததும் துள்ளி விலகுவார். கறுப்பு நிறம் அவ்வளவு வெயிலை உறிஞ்சிக்கொள்கிறது. கருமணல் கூடுகளில் பெண் குஞ்சுகள் மிகுந்திருந்தாலோ, பொரியாத முட்டைகள் மிகுந்திருந்தாலோ, கதிர்வீச்சின் மீது பழி போடுவதற்கு முன் வெப்பமானியைப் பார்த்தாக வேண்டும். செர்னோபிலில் காலியான தொழுவம் செய்த குழப்பத்தை இங்கே சூடேறிய மணல் செய்யக்கூடும்.

மணல் எடுப்பதைப் பற்றிய விவாதத்திலும் இதே பிரிப்பு தேவைப்படுகிறது. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பின்போது, கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லுக்குள் எல்லா அச்சங்களும் திணிக்கப்பட்டன. மோனசைட்டைப் பிரித்து எடுத்துவிட்டு மீதி மணலை நிரப்பினால் அந்த இடத்தின் கதிர்வீச்சு குறையத்தான் செய்யும். ஆனால் அதே வேலையில் வளைகள் இடிகின்றன, மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் அடும்பங்கொடி அழிகிறது. விலங்கின் ஈற்று குறைவதற்கு வளை இழப்பு என்ற நேரடிக் காரணம் கண்முன் இருக்கும்போது, அதைப் பேசாமல் கதிர்வீச்சை மட்டும் பேசுவது அந்த விலங்குக்கு உதவாது.

இந்தக் கரையில் செய்யத்தக்க ஆய்வு அரிய கருவி எதையும் கேட்பதில்லை. ஈன்ற பெண் எலியின் கருப்பையை விரித்துப் பார்த்தால், ஒவ்வொரு கரு பதிந்த இடத்திலும் கடுகளவு கரும்புள்ளி ஒன்று தழும்பாக நிற்கும். சினையகத்தில், விடுபட்ட ஒவ்வொரு முட்டையின் இடத்திலும் மஞ்சள் நிற முடிச்சு ஒன்று இருக்கும். சினையுற்ற எலியில் முடிச்சுகளை எண்ணினால் எத்தனை முட்டைகள் வெளிவந்தன என்பது கிடைக்கும். பதிவிடங்களை எண்ணினால் எத்தனை கருக்கள் ஒட்டின என்பது கிடைக்கும். உயிரோடிருக்கும் கருக்களை எண்ணினால் மூன்றாவது கணக்கும் கிடைக்கும். ஒரே மாதத்தில், ஒரே வகைத் தென்னை விளையில், ஒன்று கருமணலிலும் ஒன்று வெண்மணலிலுமாகப் பிடித்த பெருச்சாளிகளில் இந்த மூன்று எண்களையும் அருகருகே எழுதி, ஒவ்வொரு வளைக்குள்ளும் ஒரு கதிர்வீச்சு அளவுமானியை ஒரு மாதம் புதைத்து வைத்து அதன் எண்ணையும் பக்கத்தில் எழுதினால், இழப்பு இருக்கிறதா, இருந்தால் முட்டையிலா, பதிவிலா, அதற்குப் பின்னா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.